பூட்டிய பீரோவிலிருந்து பிள்ளைகளின் கைக்கு: காவிரிப் படுகைக் கிராமப் பள்ளியில் நூலகம் நடத்த வருவோருக்கு ஒரு வழிகாட்டி

காவிரிப் படுகையின் கிராமப் பள்ளிகளில் புத்தகங்களே இல்லை என்று சொல்வது சரியாகாது. தலைமையாசிரியர் அறையின் மூலையில் நிற்கும் இரும்பு பீரோவில், வெவ்வேறு திட்டங்களில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்து சேர்ந்த நூல்கள், சில கட்டுக்கூடப் பிரிக்கப்படாமல், அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சாவி ஓர் ஆசிரியரின் பொறுப்பில் இருக்கும். ஒரு புத்தகம் தொலைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் தாமே என்ற அச்சத்தில் அவர் பீரோவை ஆய்வு நாளன்று திறந்து, மாலையில் பூட்டிவிடுகிறார். அந்தச் சாவி முதன்முறையாகக் கைக்கு வந்திருக்கும் ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன். அவர் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியராகவோ, இல்லம் தேடிக் கல்வி மையத்தின் தன்னார்வலராகவோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்ற ஒரு தாயாராகவோ இருக்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை உறுதியாக முடிவுசெய்துகொள்ள வேண்டும்: புத்தகம் பிள்ளையோடு வீட்டுக்குப் போக வேண்டும். பள்ளியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிடும் ஏற்பாட்டில் வாசிப்புப் பழக்கம் வேரூன்றுவதை நான் கண்டதில்லை. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன், நூலகத்துக்கென்று 1931-ல் வகுத்தளித்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதே 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை வடிவமைத்த மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டுச் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் புத்தகங்களைக் கொண்டு சென்றது. வண்டி பூட்டிப் புத்தகத்தை ஊர் ஊராக அனுப்பிய வட்டாரத்தில், ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கும் பிள்ளைக்கு அது எட்டாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் போதுமானதல்ல. தொலைந்துபோகும் நூல்களைப் பற்றிய அச்சத்துக்கு என்ன செய்வது என்பதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வாரம்: எடுத்து வெளியே போடுதல்

பீரோவில் இருப்பவை அனைத்தையும் தரையில் பாய் விரித்து எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எட்டு வயதுப் பிள்ளை இதைத் தானாக விரும்பி எடுக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பாடத்திட்டத்து நூல்கள், வழிகாட்டி நூல்கள், போட்டித் தேர்வுக் கையேடுகள், பெரியவர்களுக்கான கட்டுரைத் தொகுப்புகள் ஆகியவை தனிக் கட்டாகட்டும். அவற்றில் பயனுள்ளவற்றைத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ அனுப்பலாம். பிள்ளைகளுக்கு உதவாத நூறு நூல்களுக்கு நடுவே பத்து நல்ல படக்கதைகள் இருந்தால், அந்தப் பத்தும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. குறைத்து அடுக்கினால்தான் இருப்பது தெரியும். பிள்ளை ஒருவருக்கு ஐந்து நூல்கள் தேறினால் தாராளமாகத் தொடங்கலாம். முப்பது பேர் படிக்கும் பள்ளிக்கு நூற்றைம்பது நூல்கள் ஓராண்டு வரை சலிப்புத் தட்டாமல் சுழலும்.

அடுத்து, தேறிய நூல்களை வாசிப்பின் படிநிலைக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். இதற்கு நல்ல உரைகல் ஏற்கெனவே உங்கள் பள்ளியில் இருக்கக்கூடும். பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் அமைந்தவை. ஒவ்வொரு படிநிலையிலிருந்தும் ஒரு நூலை முன்னால் வைத்துக்கொண்டு, மற்ற நூல்களை அவற்றோடு ஒப்பிட்டு நான்கு அடுக்குகளாக்குங்கள். அடுக்குக்கு ஒரு நிறமாக வண்ண நாடாவைப் புத்தகத்தின் முதுகில் ஒட்டினால் போதும். வகுப்பு எண்ணை மட்டும் ஒருபோதும் ஒட்டாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன், ‘வகுப்பு 1’ என்று ஒட்டிய நூலை நண்பர்கள் முன்னால் எடுக்க மாட்டான்; பச்சை நாடா ஒட்டிய நூல் என்றால் தயங்காமல் எடுப்பான்.

தமிழ் நூல்களைத் தரம் பிரிக்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வரி சிறியதாக இருக்கிறது என்பதால் நூல் எளியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்பது ஒரே சொல்தான். ஆனால் அதில் பத்து எழுத்துகள் இருக்கின்றன, நடுவில் மூன்று மெய்யெழுத்துகள் நிற்கின்றன. ‘கொக்கு பறந்தது’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்தாலும் எட்டு எழுத்துகளே வரும். தொடக்க நிலைப் பிள்ளைக்கு முன்னது மலைப்பு, பின்னது விளையாட்டு. பிற மொழியிலிருந்து வந்த படக்கதைகளில், மூலத்தில் மிக எளிதாக இருந்த வரி தமிழில் இப்படி நீண்ட சொற்களாக மாறியிருப்பது உண்டு. எனவே அட்டையில் அச்சிட்டிருக்கும் வயதை நம்பாமல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை அழைத்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரே பக்கத்தில் நான்கைந்து இடங்களில் தடுக்கினால் அந்த நூல் அடுத்த அடுக்குக்கு உரியது.

எங்கே, எப்படி வைப்பது

தனி அறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வகுப்பறையின் ஒரு சுவரே போதும். சாளரத்துக்கும் சாளரத்துக்கும் இடையே நைலான் கயிற்றைக் கொடி போலக் கட்டி, துணிக் கிளிப்புகளில் மெல்லிய படக்கதைகளை அட்டை தெரியும்படி தொங்கவிடலாம். படிக்கத் தெரியாத பிள்ளை அட்டைப் படத்தைப் பார்த்தே நூலைத் தேர்ந்தெடுக்கிறது. முதுகு மட்டும் தெரியும்படி நெருக்கி அடுக்கினால் அந்தப் பிள்ளைக்கு அங்கே எதுவும் இல்லை. கயிறு, முதல் வகுப்புப் பிள்ளையின் தோள் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். கனமான நூல்களுக்கு நான்கடி உயரத்துக்கு மிகாத திறந்த அலமாரி வேண்டும்.

நம் பகுதியின் ஈரத்தை மறந்துவிடக் கூடாது. அலமாரியைச் செங்கல் மேல் நிறுத்தி, சுவரிலிருந்து அரை முழமாவது தள்ளி வையுங்கள். சுவரோடு ஒட்டியிருந்தால் கரையான் மண்பாதை போட்டு ஏறிவருவது வெளியே தெரியாது; தெரியும்போது கீழ்த்தட்டு முழுவதும் மண்ணாகியிருக்கும். மாதம் ஒரு முறை எல்லா நூல்களையும் எடுத்துத் தட்டி, அலமாரியின் பின்புறத்தைப் பார்ப்பதைக் கடமையாகக் கொள்ளுங்கள். இராமபாணப் பூச்சிக்காகப் பாச்சை உருண்டை போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சிறு பிள்ளைகள் அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளக் கூடும்; அது நஞ்சு; பள்ளி நூலகத்தில் அதற்கு இடமே தரக் கூடாது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சுகளாக வைக்கும் முறை உண்டு. அந்த முடிச்சையும், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி, அலமாரியின் பின்பக்கமாகவே வையுங்கள்.

கடலோரத்து வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் உங்கள் வகுப்பறை நிவாரண முகாமாகும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயலை அனுபவித்த ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு மூன்றை முன்கூட்டியே வாங்கி வைத்து, அக்டோபர் தொடங்கியதும் எந்த அடுக்கு எந்தப் பெட்டிக்குள் போகும், பெட்டி எந்த உயரத்தில் வைக்கப்படும் என்பதை மூத்த பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்துவிட்டால், எச்சரிக்கை வந்த அன்று அரை மணி நேரத்தில் நூலகம் பத்திரமாகிவிடும். முகாமில் தங்கவரும் பிள்ளைகளுக்காக ஒரு பெட்டியை மட்டும் திறந்தே வைத்திருங்கள். இரவு முழுவதும் காற்றின் இரைச்சலைக் கேட்டு அஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒருவர் உட்கார்ந்து கதை வாசித்துக் காட்டுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

பதிவேடு

இரண்டு நோட்டுகள் போதும். ஒன்று இருப்புப் பதிவேடு. அதில் வரிசை எண், நூலின் பெயர், விலை, எங்கிருந்து வந்தது என்பவை இருக்கும். மற்றொன்று வழங்கல் நோட்டு. வழங்கல் நோட்டில் நூலுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்காமல் பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். யார் என்ன படிக்கிறார், யார் மூன்று வாரமாக எதையும் எடுக்கவில்லை என்பது பக்கத்தைத் திருப்பியதும் தெரியும். நூலின் பெயரைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். ஜூன் மாதத்தில் எழுதியதையும் பிப்ரவரியில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தேர்வும் காட்டாத வளர்ச்சியை அந்தப் பக்கம் காட்டும். முதல் வகுப்புப் பிள்ளைகள் எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

வழங்குவதையும் திரும்பப் பெறுவதையும் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடுங்கள். மாதத்துக்கு இருவர், ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும், முறைவைத்து மாறட்டும். நன்றாகப் படிப்பவர்களுக்கு மட்டுமே இப்பொறுப்பு என்று வைத்துவிடக் கூடாது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்தால், நூலின் பெயர்களைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுக்கும் வேலையிலேயே பாதி எழுத்துகள் பழகிவிடும்.

நூலகப் பாடவேளையை நடத்துவது

வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது நூலகத்துக்கென்று கால அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொண்டுவிடும். நாற்பது நிமிடம் என்றால் முதல் ஐந்து நிமிடம் நூல்களைத் திருப்பித் தருவதற்கு. அடுத்த பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் நீங்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டுவதற்கு. மீதியில் பெரும்பகுதி பிள்ளைகள் தாமாக வாசிப்பதற்கு. கடைசிச் சில நிமிடங்கள் வீட்டுக்கு எடுப்பதற்கு. இந்த நான்கில் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது வாசித்துக் காட்டுவதைத்தான். என்னைக் கேட்டால், வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பேன்.

ஏன் என்றால், நம் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் கேட்பது பேச்சுத் தமிழ். ‘அம்மா வயலுக்குப் போயிட்டாங்க’ என்று பேசி வளர்ந்த பிள்ளை, ‘அம்மா வயலுக்குச் சென்றுவிட்டார்’ என்ற வரியைப் புத்தகத்தில் பார்க்கும்போது, எழுத்துகளைக் கூட்டிவிட்டாலும் பொருள் உடனே கைக்கு வருவதில்லை. எழுத்துத் தமிழின் ஓசை முதலில் காதில் விழுந்து பழகியிருக்க வேண்டும். கதை கேட்டு வளர்ந்த பிள்ளை ‘சென்றுவிட்’ வரை கூட்டியதும் ‘டார்’ என்று தானே முடித்துவிடுகிறது. கேட்காத பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகக் கடைசி வரை நடக்க வேண்டியிருக்கிறது.

ஆகையால் வாசித்துக் காட்டும்போது அச்சிட்டிருப்பதை அச்சிட்டிருப்பது போலவே வாசியுங்கள். வாசித்துக்கொண்டே பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொண்டு போகாதீர்கள். விளக்கம் வேண்டிய இடத்தில் நிறுத்தி, நம் ஊர்ப் பேச்சில் ஒரு வரி சொல்லிவிட்டு, மீண்டும் புத்தகத்துக்குத் திரும்புங்கள். முந்தின நாளே கதையை ஒரு முறை வாய்விட்டு வாசித்துப் பழகிக்கொள்வது மிகவும் உதவும். எங்கே குரலைத் தாழ்த்துவது, எந்தப் பக்கத்தைத் திருப்புமுன் சற்று நிற்பது என்பது அப்போதுதான் பிடிபடும். பிள்ளைகளை அரைவட்டமாகத் தரையில் உட்காரவைத்து, நீங்களும் தாழ்வான இடத்திலேயே உட்கார்ந்து, புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எல்லோருக்கும் தெரியும்படி வாசியுங்கள். ஓரிரு இடத்தில் ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேட்கலாம். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் கதை பாடமாகிவிடும். முடிந்ததும் ‘இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?’ என்று கேட்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அடுத்த முறை பிள்ளைகள் கதையைக் கேட்காமல் அந்தக் கேள்விக்கான விடையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வாசித்த நூலை அந்த நேரமே கொடியில் மாட்டிவிடுங்கள்; அன்று அதை வீட்டுக்கு எடுக்கப் போட்டி நடக்கும். ஏற்கெனவே கேட்ட கதை என்பதால், தானாக வாசிக்கத் தயங்கும் பிள்ளையும் துணிந்து எடுக்கும்.

இன்னும் வாசிக்க வராத பிள்ளை

மூன்றாம் வகுப்புக்கு மேல் வந்தும் கோவையாக வாசிக்க வராத பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். கொரோனாக் காலத்துப் பள்ளி மூடலுக்குப் பின் அரசு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியதன் நோக்கமே இத்தகைய இடைவெளியைச் சரிசெய்வதுதான். வகுப்பறையில் அந்தப் பயிற்சி நடக்கட்டும். நூலகம் செய்யக்கூடியது வேறு: பயமின்றித் தடுமாறுவதற்கு ஓர் இடம் தருவது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வாய்க்காலில் மீன்பிடிக்கும் கதையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ‘வா… ய்… க்… கா…’ என்று விரலை நகர்த்தி நகர்த்தி ‘ல்’ வரை போவதற்குள் தொடக்கத்தில் சொன்ன ‘வா’ மறந்துபோய், மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். அருகில் உட்கார்ந்திருந்த ஆசிரியை எதுவும் சொல்லாமல், விரலகலப் பனையோலை நறுக்கு ஒன்றை எடுத்துச் சொல்லின் பிற்பாதியை மறைத்தார். ‘வாய்க்’ மட்டும் தெரிந்தது, சொன்னாள். நறுக்கை நகர்த்தி ‘கால்’ என்பதைக் காட்டினார்; அது தெரிந்த சொல், உடனே சொன்னாள். நறுக்கை எடுத்ததும் ‘வாய்க்கால்!’ என்று கூவிவிட்டுச் சாளரத்துக்கு வெளியே ஓடும் வாய்க்காலைக் கையால் காட்டினாள். எழுத்து எழுத்தாகக் கூட்டுவதிலிருந்து அசை அசையாகப் பிடிப்பதற்குப் பிள்ளையை நகர்த்தும் வேலை இது. ஓலை நறுக்கோ, அட்டைத் துண்டோ, பத்துப் பதினைந்தை வெட்டி ஒரு டப்பாவில் அலமாரி மேல் வைத்துவிடுங்கள். எப்படிப் பயன்படுத்துவது என்பதை மூத்த பிள்ளைகளும் விரைவில் கற்றுக்கொள்வார்கள்.

இத்தகைய பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை இணையாக்கி, இருவரும் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கட்டும். மூத்த பிள்ளையின் குரல் தடுமாறும் பிள்ளையைத் தாங்கிக்கொள்ளும். தடுமாறும் பிள்ளை விரும்பும்போது மூத்த பிள்ளை குரலை நிறுத்திக்கொள்ளலாம். ஒரே நூலை வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். அந்த நூல் மனப்பாடமாகி, பிறகு அதன் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிவாகி, அதன் வழியே பிற நூல்களுக்குப் போகும் பிள்ளைகள் பலர்.

பிள்ளைகள் ஆக்கும் நூல்கள்

வாசிக்க வராத பிள்ளைக்கு மிக எளிதான நூல், அது தன் வாயால் சொன்னதை நீங்கள் எழுதித் தந்த நூல். வெள்ளைத் தாள்கள் நான்கை நடுவில் மடித்து ஊசிநூலால் தைத்துவிட்டால் பதினாறு பக்கம் கிடைக்கிறது. பக்கத்துக்கு ஒரு வரி. மேலே பிள்ளை வரைந்த படம். நம் பகுதியில் இதற்கான பொருள் கொட்டிக் கிடக்கிறது. நாற்றங்கால், நாற்றுமுடி, நடவு, களை, கதிரறுப்பு, களம் என்று ஒரு சம்பாப் பருவம் முழுவதையும் பக்கம் பக்கமாக எழுதலாம். கல்லணையில் பிரியும் தண்ணீர் வெண்ணாறாகி, வெட்டாறாகி, எந்த மதகு வழியாக நம் ஊர் வாய்க்காலுக்கு வருகிறது என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு வரைபடத்தோடு எழுதினால், ஊரே எடுத்துப் படிக்கும் நூலாகும். பாட்டிகளிடம் தாலாட்டும் நடவுப் பாட்டும் இருக்கின்றன. பிள்ளை கேட்டுவந்து சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நூல்களுக்கும் வரிசை எண் கொடுத்து இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தான் எழுதியது பதிவேட்டில் ஏறுகிறது என்பதைப் பிள்ளைகள் மிகப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்; அது நியாயமானதுதான்.

வீட்டுக்குப் போகும் புத்தகம்

முதல் கடன் முதல் இரண்டு வாரத்துக்குள் நடந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கள்கிழமை வாங்குவது எளிய முறை. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் இல்லையே என்று தயங்காதீர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியலில் கிளம்பிப் பொழுது சாயத் திரும்பும் தாய், பிள்ளை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பெற்றோர் கூட்டத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: ‘நீங்க படிச்சுக் காட்ட வேண்டாம், புள்ள படிக்கிறப்ப பக்கத்துல இருந்து கேளுங்க, படத்தப் பாத்து ரெண்டு வார்த்த பேசுங்க.’ தமக்குப் படிப்பு இல்லை என்று ஒதுங்கி நிற்கும் தாய்மாருக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாள்கள் தொடர்ந்து வரக்கூடும். வெளியே விளையாட முடியாத அந்த நாள்களே வாசிப்புக்கு மிக ஏற்றவை. பிள்ளைக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் உறை கொடுத்து, மழை வலுக்கும் என்று தெரிந்த மாலையிலேயே ஆளுக்கு இரண்டு நூல்களை உறையிலிட்டு அனுப்பிவிடுங்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்கும் இதுவே வழி. மீனவக் கிராமங்களில் இன்னொரு நல்வாய்ப்பு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையும் ஏறத்தாழ அதே சமயம். அப்பாக்கள் கரையில் இருக்கும் அந்த வாரங்களில், தெருவில் வாசிக்கத் தெரிந்த ஓர் அண்ணனிடமோ அக்காவிடமோ நாற்பது நூல்கள் அடங்கிய பெட்டி ஒன்றை ஒப்படைத்துவிட்டால், பள்ளி மூடியிருந்தாலும் நூலகம் மூடாது.

கிழிவதும் நனைவதும் தொலைவதும்

புத்தகம் கிழியும். கிழிந்ததைத் தண்டிக்காதீர்கள், தண்டித்தால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை எடுக்காது. மாதம் ஒரு முறை ‘புத்தக வைத்தியம்’ என்று ஒரு மாலை வைத்து, மைதாப் பசையும் மெல்லிய வெள்ளைத் தாளும் கொண்டு பிள்ளைகளோடு சேர்ந்து ஒட்டுங்கள். பசையில் சிறிது துத்தம் கலப்பது பழைய வழக்கம். அதுவும் நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைபடும் பசையில் கலக்கக் கூடாது. பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் போதும்.

நனைந்த நூலை வெயிலில் போட்டால் பக்கங்கள் சுருண்டு அட்டை விலகிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்கள் விரிந்திருக்கும்படி நிறுத்தி வைத்து, சில பக்கங்களுக்கு ஒன்றாகச் செய்தித்தாளைச் செருகி, நனைந்ததும் மாற்றுங்கள். இரண்டு நாளுக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். வழுவழுப்பான தாளில் அச்சிட்ட படக்கதைகள் நனைந்தால் முதலில் அவற்றைக் கவனியுங்கள். காயும்போது அவற்றின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியாது.

தொலைந்தவற்றைப் பற்றி: ஆண்டின் தொடக்கத்திலேயே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நூல்களை வீட்டுக்குக் கொடுப்பது என்றும், தேய்ந்ததும் தொலைந்ததும் ஆண்டு முடிவில் பட்டியலிட்டுக் குழுவின் முன் வைக்கப்படும் என்றும் தீர்மானம் எழுதிக் கையொப்பம் பெற்றுவிடுங்கள். தலைமையாசிரியரும் குழுவும் கூடி எடுத்த முடிவாக அது ஏட்டில் இருந்தால், தனி ஓர் ஆசிரியரின் தலையில் சுமை விழாது. தொலைந்த நூலுக்குப் பிள்ளையிடம் பணம் வாங்க வேண்டாம். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு முறை ஐம்பது ரூபாய் கேட்டால், அந்தத் தெருவிலிருந்தே யாரும் புத்தகம் எடுக்க மாட்டார்கள்.

புதிய நூல்கள்

சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு இடமுண்டு. அதை மட்டுமே எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஊரார் தட்டேந்தி மேளத்தோடு பள்ளிக்கு வரும் கல்விச் சீர் விழா நம் பகுதியில் பல ஊர்களில் நடக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்பே, வேண்டிய நூல்களின் பெயரும் விலையும் பதிப்பகமும் எழுதிய பட்டியலை ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்துவிட்டால், இன்னொரு இரும்பு பீரோவுக்குப் பதிலாக நூறு படக்கதைகள் வந்து சேரும். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் ஆகியவை தமிழில் நல்ல சிறுவர் நூல்களை வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகள் நால்வரையேனும் அழைத்துச் சென்று, அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். அரசு அனுப்பும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வந்த அன்றே கொடியில் தொங்கட்டும்.

ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால், நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உறுப்பினராக்கிவிடுங்கள். தமிழ்நாட்டின் பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நாம் செலுத்தும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அந்த நூலகம் நம் பிள்ளைகளுக்கும் உரியது. நூலகரைப் பள்ளிக்கு ஒரு நாள் அழைத்து அறிமுகப்படுத்தினால், பிள்ளைகள் தயங்காமல் உள்ளே போவார்கள்.

மாறுதல் வரும்போது

நன்றாக நடந்துகொண்டிருந்த பள்ளி நூலகங்கள் நின்றுபோவதற்கு, பொறுப்பாசிரியரின் பணியிட மாறுதலே பெரும்பாலும் காரணமாகிறது. ஆகவே நீங்கள் இருக்கும்போதே உதவிக்கு இன்னோர் ஆசிரியரையும், குழுவிலுள்ள பெற்றோர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே தாளில், நிற நாடாக்கள் எதைக் குறிக்கின்றன, எந்தக் கிழமையில் எந்த வகுப்பு, இம்மாதப் பிள்ளை நூலகர்கள் யார், தடுமாறி வாசிக்கும் பிள்ளைகளுக்கு இணையாக யார் யார் இருக்கிறார்கள், மழைக்காலப் பெட்டி எங்கே இருக்கிறது, குழுத் தீர்மானம் எந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பவற்றை எழுதி, ஒரு படியை பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு, இன்னொன்றைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். பீரோவின் சாவியிலும் அவரிடம் ஒன்று இருக்கட்டும்.